முடிச்சூர் மொட்டை மாடியில் ஒரு ஜப்பான் கம்பெனி

பயமுறுத்துவது எங்கள் தொழிலாக இருந்தது. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், கீழும் மேலுமாக வாடகைக்கு எடுத்த மாடி வீடுதான் ஆபீஸ். ஜப்பானில் கடலோரச் சிறு நகரம் ஒன்றில் இருந்த வீடியோ கேம் கம்பெனிக்கு நாங்கள் வேலை செய்து கொடுத்தோம். அவர்கள் செய்ததெல்லாம் பேய் விளையாட்டுகள். சுவர், படிக்கட்டு, கதவு, நாற்காலி என்று விளையாட்டுக்குள் கண்ணில் படும் பொருள்களைக் கம்ப்யூட்டரில் உருவாக்குவது எங்கள் ஆட்களின் வேலை. ஜப்பான்காரர்கள் சொல்வதை இவர்களுக்கும், இவர்கள் கேட்பதை அவர்களுக்கும் மாற்றிச் சொல்வது என் வேலை.

அதற்கு முன் நான் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அங்கே வெல்டிங், விரிசல், எண்ணெய்க் கசிவு. இங்கே வந்த முதல் வாரமே, "யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி மெத்தை வேண்டும்" என்று ஒரு வரி வந்தது. அதை எங்கள் ஆர்ட்டிஸ்டிடம் சொன்னேன். "யாருன்னு கேளுப்பா. குண்டா, ஒல்லியா?" என்றான். கேட்டேன். "தெரியக் கூடாது" என்று பதில் வந்தது. அவன் அந்த மெத்தையை நான்கு நாள் செய்தான். முடித்துக் காட்டியபோது நான் என்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

அவனும் நானும் ஒரே வயது. பெருங்களத்தூரிலிருந்து பைக்கில் வருவான். அதிகம் பேச மாட்டான், ஆனால் செய்கிற வேலையில் அப்படி ஒரு பிடிவாதம். அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது மூடிக் கிடக்கும் ஒரு விடுதியைப் பற்றிய விளையாட்டு. ஒன்றரை வருடமாக அந்த விடுதிக்குள்தான் குடியிருந்தோம்.

அந்த டிசம்பரில், வேலையைப் பார்வையிட ஜப்பானிலிருந்து ஓர் அம்மா வந்தார். கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். விளையாட்டுகளுக்குச் சத்தம் அமைப்பவர். குள்ளமான உருவம், நரைத்த கிராப், எப்போதும் கழுத்தில் தொங்கும் ஹெட்போன். அவர் வந்த நாளிலிருந்தே மழை. நவம்பர் முழுக்கப் பெய்து ஏரிகளெல்லாம் ஏற்கெனவே தளும்பி நின்றன. அவர் வந்த மறுநாள் காலையில் பிடித்த மழை மாலை வரை விடவில்லை. மற்றவர்கள் மதியமே கிளம்பிப் போனார்கள். அந்த அம்மா தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போக ஆட்டோவோ காரோ கிடைக்கவில்லை. அவரைத் தனியாக விட முடியாது என்று நான் தங்கினேன். பெண்கள் எங்கள் இருவரையும் தனியாக விட முடியாது என்று ஆர்ட்டிஸ்டும் தங்கினான். சேலையூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். என் கணவர் எடுத்தார். "பாப்பா சாப்பிட்டாச்சு. நீ அங்கயே இரு, ரிஸ்க் எடுக்காத" என்றார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பின்னாலிருந்து, "அம்மா, நாளைக்கும் லீவு!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு போன் செத்துவிட்டது.

விடியும் நேரத்தில் என்னை எழுப்பியது அந்த அம்மாதான். தோளைத் தொட்டு, "கீழே தண்ணீர் பேசுகிறது" என்றார். அப்படித்தான் சொன்னார். படியில் எட்டிப் பார்த்தேன். ஹாலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். எங்கள் செருப்புகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

சர்வர் கீழ் ஹாலில்தான் இருந்தது. அதற்குள்தான் மொத்த விளையாட்டும். ஆர்ட்டிஸ்ட் பாய்ந்து போய் முதலில் அதைத்தான் தூக்கினான். நான் ஒரு பக்கம் பிடித்தேன். மாடியில் கொண்டு வைத்துவிட்டுத் திரும்பும்போது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. "பைக்கைப் பாருப்பா" என்றேன். தவணை முடியாத புது பைக். வாசலுக்குப் போனவன் சும்மா திரும்பி வந்தான். "கேட்டைத் திறக்க முடியல. வெளிய இருந்து தள்ளுது" என்றான். தண்ணீரை ஓர் ஆள் மாதிரி சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

காபிப் பொடி நிறத்தில், சாக்கடையும் டீசலும் கலந்த நாற்றத்தோடு அது ஒவ்வொரு படியாக ஏறியது. கதவு, ஜன்னல், சுவர் எல்லாவற்றையும் அளந்து வரைந்தவர்கள் நாங்கள். அந்தப் படிக்கட்டையே போட்டோ எடுத்து விளையாட்டில் வைத்திருந்தோம். இப்போது அதைப் பார்க்கவே முடியவில்லை. ஒவ்வொரு படி மறையும்போதும் நான் ஒரு படி மேலே ஏறி நின்றேன். அந்த அம்மா மேல் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார். எனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். "எனக்கும் தெரியாது. கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவள்" என்றார்.

தண்ணீர் மார்பளவு வந்திருந்தபோது அந்தச் சத்தம் ஆரம்பித்தது. கீழே பின்பக்கத்திலிருந்து, டொக், டொக் என்று. நின்றது. மறுபடி டொக், டொக், டொக்.

"வாட்ச்மேன்!" என்றான் ஆர்ட்டிஸ்ட்.

எங்கள் வாட்ச்மேன் பின்பக்க அறையில் படுப்பவர். மழைக்கு முன்னால் வீட்டுக்குப் போனாரா இல்லையா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. "அண்ணா! அண்ணா!" என்று தொண்டை கிழியக் கத்தினோம். பதில் குரல் வரவில்லை. தட்டல் மட்டும் வந்தது. நான் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினேன். முப்பது வருடமாகச் சத்தத்தோடு வாழ்பவர், அவருக்குத் தெரியாதா? "மனுஷனா? கேட்டுச் சொல்லுங்கள், மனுஷனா?" என்று கேட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். "எனக்குத் தெரியவில்லை" என்றார். அந்தப் பதில்தான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

ஆர்ட்டிஸ்ட் சட்டையைக் கழற்றினான். இரண்டு போர்வைகளை முடிந்து அவன் இடுப்பில் கட்டி, மறுமுனையை நாங்கள் இருவரும் படிக் கம்பியில் சுற்றிப் பிடித்தோம். "இழுத்தா இழுத்துடுங்கப்பா" என்று சொல்லி இறங்கினான். ஹாலில் பாதி தூரம் அவன் தலை தெரிந்தது. பிறகு பின்பக்க அறைப் பக்கம் வளைந்துவிட்டான், தலை மறைந்தது. போர்வை மட்டும் என் கையில் அசைந்தது. அந்த அம்மா என் தோளில் நெற்றியை வைத்து ஜப்பானிய மொழியில் எதையோ திரும்பத் திரும்ப முணுமுணுத்தார். அர்த்தம் காதில் விழவில்லை. மொழிபெயர்க்கிற மூளை எனக்கு அப்போது நின்று போயிருந்தது. என் மகள் முகத்தை நினைக்கப் பார்த்தேன், அதுவும் வரவில்லை.

திடீரென்று உள்ளே அவன் அலறினான். நாங்கள் இழுத்தோம். எதிலோ மாட்டிக்கொண்டு போர்வை வரவில்லை. மறுபடி இழுத்தோம். அவனே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான், நெற்றியில் ரத்தத்தோடு.

"ஃப்ரிட்ஜ்" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு. "ஃப்ரிட்ஜ் மிதக்குது. சுவத்துல போய் இடிக்குது. என் மேலயும் இடிச்சுது." வாட்ச்மேன் அறை திறந்து கிடந்ததாம், கட்டிலில் யாரும் இல்லையாம்.

இதைச் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. கீழே தட்டல் தொடர்ந்தது. ஃப்ரிட்ஜ்தான் என்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு தட்டலுக்கும் மூன்று பேரும் தூக்கிப் போட்டதுபோல் துள்ளினோம்.

மொட்டை மாடிக்கு ஏறினோம். மழை தூறலாகி இருந்தது. சர்வரைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வைத்து பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினான். தெரு இல்லை. மரங்களும் மொட்டை மாடிகளும் மட்டும் தெரிந்தன. பக்கத்து மாடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சார் நின்றார், ரேடியோவைக் காதில் வைத்தபடி. எங்களைப் பார்த்ததும் கை ஆட்டிக் கத்தினார்: "அடையாத்துல தண்ணி திறந்துட்டாங்களாம்! சேலையூர் ஏரியும் ஒடஞ்சிடுச்சாம்!"

"யாரு சார் சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்கம்மா!"

அவர் நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் வீடு சேலையூரில் ஏரிக்குப் பக்கத் தெரு, தரைத் தளம். நான் கைப்பிடிச் சுவரில் ஏறப் பார்த்தேன் என்று பிறகு ஆர்ட்டிஸ்ட் சொன்னான். எங்கே போகப் பார்த்தேனோ. அவன் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

அந்த அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். என் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்தார். "எதையாவது பேசட்டுமா? காதுக்குள் வேறு ஏதாவது போக வேண்டும்" என்றார். தலையாட்டினேன். அப்படித்தான் அந்தக் கம்பெனியின் கதையை நான் கேட்டேன்.

கல்லூரி நண்பர்கள் நான்கு பேர், நூடுல்ஸ் கடை மாடியில் ஆரம்பித்தார்களாம். முதல் சில வருடங்கள் அவர்கள் பெயரே எங்கும் வராது. பெரிய கம்பெனிகள் தங்களால் முடிக்க முடியாத விளையாட்டுகளை இவர்களிடம் தள்ளிவிடும். சூதாட்ட விளையாட்டு, மீன்பிடி விளையாட்டு, குதிரைப் பந்தயம். செய்து கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். "நாங்களே பேய்கள் மாதிரிதான் இருந்தோம். வீட்டில் எல்லா வேலையும் நடக்கும், ஆள் கண்ணில் படாது" என்றார்.

பிறகு சொந்தமாக ஒன்று செய்தார்கள். அதில் பேயே வராது. படம் வரையக் கையில் ஆள் இல்லாததால், பேயைக் காட்டாமல் சத்தத்தாலேயே பயமுறுத்தலாம் என்று இவர்தான் சொன்னாராம். அவருடைய அம்மா வீட்டில் குளியலறைக் குழாய் சொட்டுவதையும், மரத் தரையில் அம்மா வெறுங்காலோடு நடப்பதையும் பதிவு செய்தார். அது நன்றாகப் போனது. பத்திரிகைக்காரர்கள் தேடி வந்தார்கள். இரண்டாவது விளையாட்டும் ஓடியது. மூன்றாவதில், முதலீடு போட்டவர்கள் பேயைக் காட்டச் சொன்னார்கள், நிறைய காட்டச் சொன்னார்கள். காட்டினார்கள். யாரும் பயப்படவில்லை.

"அப்புறம்?" என்று கேட்டது ஆர்ட்டிஸ்ட். நான் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

அப்புறம் நான்கு பேரில் ஒருவர் பாதி ஆட்களோடு வேறு கம்பெனிக்குப் போனார். ஒருவர் இறந்துபோனார். போன்களில் விளையாடும் சின்னச் சின்ன விளையாட்டுகளைச் செய்து காலம் தள்ளினார்கள். கடைசியாக ஒரு தடவை, பழைய மாதிரி, பேயைக் காட்டாத விளையாட்டு ஒன்றைச் செய்யலாம் என்று தாம்பரத்துக்கு வந்தார்கள்.

இங்கே நிறுத்தினார். தொட்டிக்கு அடியில் இருந்த சர்வரைப் பார்த்தார். பிறகு ஆர்ட்டிஸ்டின் நெற்றிக் காயத்தைப் பார்த்தார்.

"நான் வேலையைப் பார்வையிட வரவில்லை. கம்பெனியை மூடுகிறோம். கடனைக் கட்ட முடியாது என்று கோர்ட்டில் சொல்லியாகிவிட்டது. போனில் சொல்ல மனம் வராமல், நேரில் சொல்ல வந்தேன். வந்த நாளிலிருந்து மழை. சொல்ல முடியவில்லை."

அதை நான் உடனே மொழிபெயர்க்கவில்லை. "இன்னா சொல்றாங்க?" என்று அவன் கேட்டான். மறுபடி கேட்டான். சொன்னேன்.

அவன் எழுந்து தொட்டி வரை போனான். பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கி சர்வரைப் பார்த்தான். எட்டி உதைக்கப் போகிறான் என்று நினைத்தேன். ஷீட்டை மறுபடி நன்றாக இழுத்து மூடி, ஓரத்தில் ஒரு செங்கல்லை வைத்தான். "பைக்கு போச்சு. வேலையும் போச்சு. சரி. மெத்தையை மட்டும் யாராச்சும் பாத்திருக்கலாம்ப்பா" என்றான். இதை நான் அந்த அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஆனால் அவர் எழுந்து அவன் முன்னால் இடுப்பு வரை குனிந்து நின்றார். நிமிரவே இல்லை. அவனுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், "சொல்லுப்பா, எழுந்துக்கச் சொல்லு, கீழ விழுந்துடப் போறாங்க" என்று என்னிடம் கத்தினான்.

மதியத்துக்கு மேல் மோட்டார் சத்தம் கேட்டது. கடற்கரைப் பக்கத்து மீனவர்கள் ஃபைபர் படகைக் கொண்டுவந்திருந்தார்கள். தண்ணீர் அதற்குள் மாடி பால்கனிக்குச் சற்றுக் கீழ் வரை ஏறியிருந்தது; சர்வரோடு நாங்கள் அங்கே இறங்க, அதற்கு நேராகப் படகை ஒட்டினார்கள். முன்னால் நின்ற ஆள், "சீக்கிரம் எறங்குக்கா, இழுவ ஜாஸ்தியா கீது. கையில இன்னா அது பொட்டி? அத்தல்லாம் ஏத்த முடியாது" என்றார்.

ஆர்ட்டிஸ்ட் சர்வரைத் திறந்து ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி, மழைக்கு மாற்றிக்கொள்ள ஜட்டி பனியன் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் பைக்குள் சுற்றினான். மூடப்போகிற கம்பெனியின் விளையாட்டு என்று தெரிந்த பிறகும் கழற்றினான்.

படகில் இறங்கியதுதான் எல்லாவற்றிலும் மோசம். படகு பால்கனியை முட்டுவதும் விலகுவதுமாக இருந்தது. அந்த அம்மா காலை எடுத்து வைத்த நேரத்தில் விலகியது. அவர் இடுப்பு வரை தண்ணீருக்குள் போய்விட்டார். மீனவர் ஒரே கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிப் படகில் போட்டார். "பயப்படாதம்மா, ஒண்ணியும் இல்ல" என்று தமிழில்தான் சொன்னார். அந்த அம்மா தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர், சரி சரி என்று தலையாட்டினார். ஹெட்போன் போய்விட்டது.

தெரு முழுக்க இழுவை. தலைக்கு மேல் மின்கம்பிகள், குனியச் சொல்லி மீனவர்கள் கத்திக்கொண்டே வந்தார்கள். கம்பியில் கரன்ட் இல்லை என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. நான் படகின் அடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மீன் நாற்றம் வீசியது. அது சாக்கடை நாற்றத்தைவிட எவ்வளவோ மேல்.

மேடான இடத்தில் இறக்கிவிட்டார்கள். ஆர்ட்டிஸ்ட் பெருங்களத்தூருக்கு நடந்தான். போகும் முன் அந்தப் பையை அந்த அம்மா கையில் கொடுத்தான். நானும் அவரும் செருப்பில்லாமல் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி கிழக்குத் தாம்பரம் பக்கம் இறங்கினோம். அங்கிருந்து கேம்ப் ரோடு வரை ஓட்டமும் நடையுமாக வந்தேன். எதிரே வந்தவர்களிடமெல்லாம் ஏரி உடைந்ததா என்று கேட்டேன். ஒருவர் ஆமாம் என்றார், ஒருவர் இல்லை என்றார், ஒருவர் எந்த ஏரி என்றார். அந்த அம்மா என் பின்னால், காலில் ரத்தம் வர ஓடிவந்தார்.

ஏரி உடையவில்லை. எங்கள் தெருவில் வெறும் மழைத்தண்ணீர். மாடி வீட்டு அக்காவின் மடியில் உட்கார்ந்து என் மகள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவளைத் தூக்கியபோது, "அம்மா, நாறுற" என்றாள். ஆனால் கணவர் இல்லை. என்னைத் தேடிக் காலையிலேயே முடிச்சூர் பக்கம் போய்விட்டாராம். அங்கிருந்து வந்தவள் நான். அந்தத் தண்ணீரைப் பார்த்தவள். பிள்ளைக்கு எதிரில் கத்தவும் முடியவில்லை. வாசலிலேயே நின்றேன். இருட்டும் நேரத்தில்தான் வந்தார். மேற்குப் பக்கம் கயிறு கட்டிப் போலீஸ் நிறுத்திவிட்டதால், அங்கேயே நாள் முழுக்க வரும் படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நாங்கள் இறங்கியது வேறு இடம். "ஒவ்வொரு படகா எண்ணினேன்" என்றார்.

விமான நிலையம் மூடியிருந்ததால் அந்த அம்மா எங்கள் வீட்டிலேயே தங்கினார். மின்சாரம் இல்லை. பகலில் கீரை ஆய்ந்தார், என் மகளுக்குக் காகிதத்தில் தவளை செய்து கொடுத்தார். கட்டிலுக்கு அடியில் பாத்திரம் உருண்டால் வெலவெலத்துப் போவார். "இத்தனை வருடம் மற்றவர்களுக்கு இதையா செய்தேன்?" என்று ஒருநாள் கேட்டார். வாட்ச்மேன் மழைக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார், நன்றாக இருக்கிறார் என்ற செய்தி வந்தபோது எங்கள் எல்லோரையும்விட அதிகம் அழுதவர் அவர்தான்.

ஹார்ட் டிஸ்கை அவர் ஜப்பானுக்கு எடுத்துப் போனார். கோர்ட் நியமித்த வக்கீலிடம் கொடுத்தாராம். கம்பெனியின் சொத்துகளோடு சேர்த்து அதையும் விற்பனைக்கு வைத்தார்கள், யாரும் வாங்கவில்லை. எங்கள் விடுதியை விளையாடியவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. ஆபீஸ் வீடு வெள்ளையடிக்கப்பட்டு, இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது. ஆர்ட்டிஸ்ட் அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்குப் படம் செய்கிறான். கட்டாத வீட்டைக் கட்டியது மாதிரி காட்டுகிற படம். முடிச்சூர்ப் பக்கத்துக்கும் செய்திருக்கிறான். நான் மறைமலை நகருக்கே, வேறொரு தொழிற்சாலைக்குத் திரும்பிவிட்டேன். வெல்டிங், விரிசல், கசிவு. அந்த அம்மா அரிசி குக்கர்களுக்கும் வாஷிங் மெஷின்களுக்கும் சத்தம் அமைத்துக் கொடுக்கிறார். வேலை முடிந்தது என்று சொல்லும் சின்ன ராகம். யாரையும் திடுக்கிட வைக்கக் கூடாது என்பதுதான் தனக்கு இருக்கும் ஒரே நிபந்தனை என்று வீடியோ காலில் சொன்னார்.

பயம் எனக்குப் போகவில்லை. சிவப்பு எச்சரிக்கை என்று போனில் வந்தால், அது எந்த மாவட்டத்துக்கு என்று படிப்பதற்கு முன்பே சர்டிபிகேட்டுகளை மேல் பரணுக்கு மாற்றிவிடுவேன். கணவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார்.

மகள் இப்போது பிளஸ் டூ. போன மாதம் அந்தக் கம்பெனியின் வரலாற்றைச் சொல்லும் ஒரு வீடியோவைக் காட்டினாள். யாரோ ரசிகர் செய்தது, நன்றாகவே செய்திருந்தார். நூடுல்ஸ் கடை வருகிறது, மூன்றாவது விளையாட்டின் தோல்வி வருகிறது. கடைசி வருடங்களைப் பற்றி மட்டும், "அந்தக் காலத்தில் அவர்கள் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்.

மகளுக்குக் கோபம் வந்தது. "தாம்பரத்தில் அவர்களுக்கு ஆபீஸ் இருந்தது, என் அம்மா அங்கே வேலை பார்த்தார், ஒரு விளையாட்டு முக்கால்வாசி முடிந்திருந்தது" என்று கீழே எழுதினாள். மறுநாளே ஒருவர் பதில் போட்டிருந்தார். ஆதாரம் இருக்கிறதா, ஒரு படமாவது?

போனை என்னிடம் நீட்டினாள். ஆபீஸ் போட்டோக்கள் எல்லாம் கீழ் ஹாலில் இருந்த கம்ப்யூட்டர்களில் இருந்தவை. ஆர்ட்டிஸ்டுக்குப் போன் செய்து கேட்டேன். "ஒண்ணும் இல்லப்பா" என்றான். பிறகு, "அந்த மெத்தையை வேணா மறுபடி செஞ்சு அனுப்பட்டுமா? எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு" என்று கேட்டான்.

செய்துகொண்டிருக்கிறான். மகள் அந்த ரசிகருக்கு, கொஞ்சம் பொறுங்கள் என்று எழுதியிருக்கிறாள்.